தண்ணீர் கேட்காத செடி

மீட்டரக்கா தெருமுனையில் தலைகாட்டினால் போதும், ஏழெட்டு வீட்டுக்காரர்கள் அவசரமாகத் தோட்டத்துப் பக்கம் ஓடுவார்கள். குடிநீர் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவள் அவள். தோளில் நீலப் பை, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, காலில் தேய்ந்த செருப்பு. கேட்டைத் தட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. திறந்துகொண்டு நேராக மீட்டர் குழிக்குப் போய்க் குந்திவிடுவாள். உள்ளேயிருந்து ஆள் வருவதற்குள் எண் எழுதி முடிந்திருக்கும்.

மீட்டரைத் தலைகீழாக மாட்டி வைத்தவன், அதன் தலையில் காந்தத்தை உட்கார வைத்தவன், நாய்க்கூண்டுக்கு அடியில் தனிக்குழாய் போட்டு நாயையே காவல் வைத்தவன், எல்லோரும் அவளிடம் மாட்டியிருக்கிறார்கள். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் தோட்டத்தைப் பார்ப்பாள். ஊரே காய்ந்து கிடக்கிற கோடையில் ஒரு வீட்டில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, மீட்டர் மட்டும் பத்தியம் இருக்கிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். கையும் களவுமாகப் பிடித்த பிறகும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நான் எடுக்கவில்லை, எனக்குத் தெரியாது, வீட்டை விற்றவன் செய்துவைத்த வேலை. முப்பத்தொரு வருஷத்தில் ஒருவர்கூட நான்தான் எடுத்தேன் என்று சொன்னதில்லை.

அவள் கணவர் தையல்காரர். வயதான பிறகு புதுத்துணி தைப்பதை விட்டுவிட்டு, பழையதைப் பிடித்தும் இறக்கியும் கொடுக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டு முன்னறையில் ஜன்னலைப் பார்த்தபடி தையல் மெஷின். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. குண்டூசி இருக்கும்வரை பேசமாட்டார். பேசவிடாத சம்சாரம் வாய்த்ததால்தான் குண்டூசியை வாயில் வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

யாருக்கும் பயப்படாத மீட்டரக்காவுக்கும் ஒரு பயம் இருந்தது. அது அவளுடைய அக்காவால் வந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாலு இலக்கப் பெருக்கலை மனதிலேயே போட்டு விடை சொல்கிறவள். ஐம்பத்தெட்டு வயதில் எரிகிற அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அறுபதில் வளையலை யாரோ திருடிவிட்டார்கள் என்று வீட்டில் இருந்தவர்களை ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டாள். வளையல் அவள் தலையணை உறைக்குள்ளேயே இருந்தது. கடைசியாக மீட்டரக்கா பார்க்கப் போனபோது அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீட்டர் பார்க்க வந்தீங்களா? வெளியில இருக்கு, பார்த்துக்கோங்க" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷினுக்கு எதிரில் போய் நின்றாள்.

"எனக்கும் அது வந்தா என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியவே கூடாது. என்ன பொய் வேணும்னாலும் சொல்லுங்க, அதை மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

தையல்காரர் வாயில் குண்டூசியோடு தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அதைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து அவள் ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தன் வீட்டு மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். மறுநாள் காலையில் பல் விளக்கும்போது அந்த எண்ணை நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். பிறகு நோட்டைத் திறந்து சரிபார்ப்பாள். எண் சரியாக இருந்தால் அன்றைய நாள் நல்ல நாள். ஆறு வருஷமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை. இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் தினமும் இருநூறு லிட்டர்தான் ஓடும், ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். அந்த இருநூறைப் பார்த்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

செடி வந்த கதை வேறு. அவள் பார்த்த தெருக்களில் ஒரு பல் டாக்டரம்மா வீடு இருந்தது. வாசல் முழுக்க செடி மண்டிக் கிடக்கும், மீட்டரோ ஆமை மாதிரி நகரும். வகையாகச் சிக்கினாள் என்று மீட்டரக்கா இரண்டு தடவை மீட்டரைக் கழற்றிப் பார்த்தாள், குழாய் போகிற வழியெல்லாம் கம்பியால் குத்திப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து ஒரு இலைமேல் வைத்தாள். தரையோடு படர்ந்த சாம்பல் நிறச் செடி. நீளநீளமான இலை, தொட்டால் ஆட்டுக்குட்டியின் காது போல மெத்தென்று இருந்தது. இதுக்குத் தண்ணி ஊத்தாட்டி பிழைச்சுக்கும், ஊத்தினாத்தான் செத்துடும் என்றாள் டாக்டரம்மா. வேலையில் கடைசி நாள் அன்று அந்த வீட்டுக்குப் போனபோது காகிதத்தில் மடித்து ஒரு சிட்டிகை விதை கிடைத்தது. காகிதத்தின் மேல் என்னவோ நீளமான பெயர் எழுதியிருந்தது. மீட்டரக்கா அதைக் காதுச்செடி என்று வைத்துக்கொண்டாள்.

தோட்டம் என்றாலே தண்ணீர்த் திருட்டு என்று வாழ்ந்தவளுக்கு, தண்ணீர் கேட்காத தோட்டம் என்றதும் ஆசை பிடித்துக்கொண்டது. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு சலித்த மண், மேலே கொஞ்சம் மக்கிய உரம் என்று கலந்தாள். கணவரின் பழைய பொத்தான் தட்டில் அடியில் ஓட்டை போட்டு நிரப்பினாள். விதை கடுகில் பாதிகூட இல்லை. அதை மேலாகத் தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டாள், மண் போட்டு மூடவில்லை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று டாக்டரம்மா ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள். தண்ணீரும் மேலே தெளிக்கக் கூடாது. தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து, மேல் மணல் கறுத்து ஈரம் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். மேலே ஒரு கண்ணாடித் துண்டு. வைத்த இடம் மெஷினுக்கு எதிரே ஜன்னல் திட்டு, வெயில் அங்கேதான் நாளெல்லாம் இருக்கும்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மணலுக்குச் சோறு ஊட்டுகிறாயா என்று தையல்காரர் கேட்டார். பதினேழாம் நாள் அவர்தான் முதலில் பார்த்தார். குண்டூசி வாயோடு ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார். ஊசிமுனை அளவில் இரண்டிரண்டு இலை. அந்த முதல் இலைகள் வழவழவென்று எல்லாச் செடியையும் போலத்தான் இருந்தன. மூன்றாவது இலையில்தான் வெள்ளை மயிர் தெரிந்தது. நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி எறிய அவளுக்கு மனசு வரவில்லை, ஆனாலும் பிடுங்கினாள். வாசலில் கல்லும் சரளையுமாகக் கிடந்த இடத்தைக் கொத்தி, முழத்துக்கு ஒன்றாக இருபத்துநாலு செடி நட்டாள். முதல் வருஷம் பூக்காது, இலைதான். அந்த இலைக்கே தெரு நின்றது. தையல்காரர் ஒரு இலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, இப்படி ஒரு துணி நெய்தால் வெட்டக் கத்தரி வராது என்றார்.

வேர் பிடித்த பிறகு முறை வைத்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, செடிக்கு ஒரு குவளை, வேரோரமாக, இலையில் சொட்டுப் படாமல். யார் கையும் படக் கூடாது என்று தோட்டக் குழாயின் கைப்பிடியையே கழற்றிவிட்டாள். இலாகாவில் பூட்டுகிற முறை அது. வெறும் பித்தளைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் மாட்டித் திருப்ப ஒரு சின்னச் சாவி. அந்தச் சாவியைத் தன் மூக்குக்கண்ணாடிக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டாள். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

இரண்டாம் வருஷம் வெயில் ஏற ஆரம்பித்தபோது முதல் செடி போனது. தெருப்பக்கத்துக் கடைசிச் செடி. அடி இலைகள் கறுத்து, ஈரத் துணி போலக் கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தன. இழுத்தாள், நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. வேர் அழுகிய வாடை. காய்ந்து செத்திருந்தால் வெயில் என்று விட்டிருப்பாள். இது தண்ணீரில் செத்த செடி. மழை பெய்து நாற்பது நாளாகிறது.

அன்று சாயங்காலம் மீட்டரைப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது லிட்டர் ஓடியிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண் மாறவில்லை. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டருக்கு முன்னால் குந்தி, உள்ளே இருக்கிற சின்னச் சிவப்புச் சக்கரத்தையே பார்த்தாள். எங்கேயாவது கசிந்தால் அது சுற்றும். அரைமணி நேரம் பார்த்தாள், அது அசையவே இல்லை. கசிவு இல்லை என்றால் யாரோ திறந்து மூடுகிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்த வாரத்தில் இன்னும் நாலு செடி அழுகியது. மீட்டர் ஒரு நாள் இருநூறு, ஒரு நாள் முந்நூற்றைம்பது என்று தாவியது. அதைவிடப் பெரிய இடி ஒரு காலையில் விழுந்தது. பல் விளக்கிக்கொண்டே எண்ணைச் சொன்னாள், நோட்டைத் திறந்தாள், தப்பாக இருந்தது. பிறகுதான் கவனித்தாள், முந்தைய நாளுக்கு இரண்டு எண்கள் எழுதியிருந்தன. அவள் சொன்னது மேலே இருந்தது, கீழே நூற்றறுபது லிட்டர் கூடுதலாக இன்னொன்று. இரண்டும் அவள் கையெழுத்துதான். நல்லதுக்குத்தானே, சந்தேகத்துக்கு இரண்டு தடவை பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர அன்று சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீரை யாரோ திருடுகிறார்கள் என்றால் அவள் மூளை நன்றாக இருக்கிறது. யாரும் திருடவில்லை என்றால் அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் துணிவில்லை. அதனால் ஒரு திருடன் வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு லாரிக்காரர் தோதாக அகப்பட்டார். வாரம் ஒருமுறை லாரி கழுவுகிற மனிதர். அவர் கழுவியது தன் வீட்டுக் குழாயில்தான், அவள் கண்ணெதிரில்தான். இருந்தாலும் சுவர் ஏறிக் குதித்துத் தண்ணீர் எடுத்ததாக அவள் வாசலில் நின்று கத்தியதில் தெருவே கூடிவிட்டது. லாரிக்காரர் நல்ல மனுஷர். எடுத்த தண்ணீரைச் செடிக்கே ஊற்றிவிட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா அக்கா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அவள் உள்ளே போனாள். தையல்காரர் மெல்ல எழுந்து போய் லாரிக்காரரின் தோளில் கை வைத்து என்னவோ பேசினார். ஜன்னல் வழியே பார்த்தாள். லாரிக்காரர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

செருப்பு விஷயமும் இருந்தது. மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தால், வாசலில் அவள் செருப்பு ஈரமாக இருந்தது. அடியில் சேறு. திருடன் தன் கால்தடம் தெரியாமல் இருக்க அவள் செருப்பைப் போட்டுக்கொள்கிறான் என்று முடிவு கட்டினாள். கெட்டிக்காரத் திருடன்தான்.

கெட்டிக்காரனைப் பிடிக்க இலாகாவில் ஒரு வழி உண்டு, முத்திரை போடுவது. மீட்டரைக் கம்பியால் கட்டி ஈயத்தில் முத்திரை குத்துவார்கள். ஈயம் இல்லாத இடத்தில் அவள் நூலாலேயே ஒரு முடிச்சுப் போடுவாள். இரண்டு சுற்று, மூன்றாவதைப் பின்பக்கமாக விட்டு, நுனியை உள்ளே செருகி இழுக்க வேண்டும். பிரித்தால் அதே மாதிரி திரும்பப் போட வேறு யாருக்கும் வராது. அந்த முடிச்சை வைத்தே மீட்டரைத் தலைகீழாக மாட்டியவனைப் பிடித்தாள். கணவரிடம் கேட்டு வெள்ளை நூல் வாங்கிக்கொண்டுபோய், தோட்டக் குழாயின் தண்டில் சுற்றி அந்த முடிச்சைப் போட்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தாள். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. மண் சதசதவென்று நனைந்து கிடந்தது. மீட்டரில் நூற்றெண்பது கூடியிருந்தது.

குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிச்சைப் பிரித்து, தண்ணீர் விட்டு, மறுபடி அதே முடிச்சைப் போட்டிருக்கிறார்கள். நூல் நனைந்திருந்தது. உலகத்தில் இந்த முடிச்சு யாருக்குத் தெரியும்? ராத்திரிச் சாப்பாடு முடிந்து முப்பத்தொரு வருஷம் அவள் நூலை வைத்துப் பழகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர்தான். அவருக்கு நூல் பிழைப்பு வேறு.

நேராக முன்னறைக்குப் போனாள். தையல்காரர் யாருடைய சட்டைக்கோ காலர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அந்த முடிச்சு உங்களுக்குப் போடத் தெரியும்" என்றாள்.

அவர் மெஷினை நிறுத்தினார். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் சின்ன மெத்தையில் குத்தினார். ஐந்து குண்டூசி. அவ்வளவு நிதானமாக அவர் எடுத்து அவள் பார்த்ததில்லை.

"தெரியும்."

"சாவி என் கழுத்துல இருக்கு. எதை வெச்சுத் திறந்தீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"குறடு வெச்சு. மத்தியானம் நீ தூங்கறப்போ."

"நீங்களா?"

"நான்தான் எடுத்தேன்" என்றார். "வெயில்ல வாடிக் கெடக்குதேன்னு பாவமா இருந்துச்சு. ஊத்திட்டேன்."

அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு வந்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டாள். செடியைக் கொன்றது, லாரிக்காரர் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்தது, கூடவே இருந்து குழி பறித்தது, கல்யாணமான வருஷம் குடையைத் தொலைத்தது வரை ஒன்று விடவில்லை. தையல்காரர் பரீட்சையில் தோற்ற பிள்ளை போலத் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பாவம், அந்த மனிதருக்கு அன்று அதுதான் வேண்டியிருந்தது.

கத்தி முடித்த கையோடு மகளுக்குப் போன் போட்டாள். உங்கப்பாவின் லட்சணத்தைக் கேள் என்று ஆரம்பித்து, முடிச்சைக் கண்டுபிடித்த சாமர்த்தியம் வரை சொல்லிச் சிரித்தாள். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"தெரியும்மா. அப்பா போன வாரமே சொன்னாரு" என்றாள் மகள். "சனிக்கிழமை நான் வரேன். ஒரு டாக்டர்கிட்ட எல்லாருமா போயிட்டு வரலாம். அப்பாவுக்குத்தான், சும்மா ஒரு செக்கப்."

போனை வைத்த பிறகும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்குப் பிடிபட்டவர் போன வாரமே மகளிடம் எதைச் சொன்னார்?

வாசலுக்குப் போனாள். பித்தளை மென்மையான உலோகம். குறட்டால் ஒருமுறை பிடித்தாலே பல் பதிந்துவிடும். அந்தப் பல்தடத்தை வைத்து எத்தனை பேரை அவள் பிடித்திருக்கிறாள்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். தண்டு பளபளவென்று இருந்தது. நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. சாவியைத் தவிர வேறு எதுவும் அதைத் தொட்டதில்லை. சாவி அவள் கழுத்தில் இருந்தது.

படியில் அவள் செருப்பு கிடந்தது, அடியில் காய்ந்த சேற்றோடு. பக்கத்தில் அவருடைய செருப்பு. அதற்குள் அவளுடையதை வைத்தால் இன்னும் இரண்டு விரல் இடம் மிச்சம் இருக்கும். அவர் காலில் அவள் செருப்பு நுழையவே நுழையாது.

உள்ளே அவர் முகம் கழுவப் போயிருந்தார். அவள் மெஷினுக்கு முன்னால் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு நேராகத் தோட்டக் குழாய். பத்தடி இருக்கும். மத்தியானம் அந்தக் குழாயடிக்கு யார் வந்தாலும் இங்கே இருப்பவர் பார்க்காமல் இருக்க முடியாது. யார் சாவியைத் தண்டில் மாட்டினார்கள், யார் செடிசெடியாக இலை நனைய ஊற்றினார்கள், யார் மூடிவிட்டு நூலை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி மூன்றாவதைப் பின்பக்கமாக விட்டு இழுத்தார்கள், எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்கிறார். வாயில் குண்டூசியோடு பார்த்திருக்கிறார்.

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பொய்யைக் கேட்டவள். எல்லாப் பொய்யும் நான் எடுக்கவில்லை என்ற பொய். எடுக்காத ஒரு மனிதர் நான்தான் எடுத்தேன் என்று சொன்னது இதுதான் முதல். சொல்லாதீங்க, என்ன பொய் வேணும்னாலும் சொல்லுங்க என்று இதே மெஷினுக்கு எதிரில் நின்று கேட்டவள் அவள்தான். அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்ட முகம். பயத்தில் அவள் கை மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. அழவேண்டும் போல இருந்தது, ஆனால் அழுதால் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் இவ்வளவு பாடுபட்டுச் சொன்ன பொய் வீணாகிவிடும்.

தையல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் எழுந்து நின்றாள். கண்ணாடிக் கயிற்றின் முடிச்சைப் பிரித்து சாவியை உருவினாள். அவர் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"எதுக்கு?" என்றார்.

"திருடன்கிட்டயே சாவி இருந்தா குறடு எதுக்கு? பித்தளை வீணாப் போகுது பாருங்க."

அவர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இருவரும் அதைச் சொல்லவில்லை. அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவின் நுனி ஓட்டையில் சாவியைக் கோத்து முடிந்துகொண்டார். அவள் முடிச்சைத்தான் போட முயன்றார், மூன்றாவது சுற்று வரவில்லை. அவளே வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். பிறகு ஜன்னல் வழியாக எண்ணினார்கள். இருபத்துநாலில் இதற்குள் பதினைந்து அழுகிப்போய், ஒன்பது மிச்சம் இருந்தன. இரண்டு செடியில் பூத்தண்டு எழும்பியிருந்தது. இனிமேல் யாரும் தொடாவிட்டால் ஒன்பதும் பிழைத்துக்கொள்ளும் என்றாள் அவள். யாரும் தொட மாட்டார்கள் என்றார் அவர்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் படுத்தாள். நாலு மணி வாக்கில் விழிப்பு வந்தது. வெயில் ஜன்னலில் சரிந்திருந்தது. இன்றைக்கு முறை நாள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற நினைப்போடுதான் எழுந்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

கண்ணாடி இருந்தது. சாவி இல்லை.

கயிற்றை முழுக்க இழுத்துப் பார்த்தாள். பாயை உதறினாள். தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். குளிக்கும்போதுகூடக் கழற்றாத சாவி, கயிற்றில் முடிந்து வைத்திருந்த சாவி, தானாக எங்கே போகும்? ஒன்று தானே எங்கேயோ வைத்து மறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். முதலாவதை நினைத்தபோதே அக்காவின் முகம் வந்து நின்றது.

முன்னறைக்கு ஓடினாள். "என் சாவியை யாரோ எடுத்துட்டாங்க" என்றாள்.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். அளவு நாடாவின் நுனி சட்டைக்கு வெளியே தொங்கியது, அதில் சாவி இருந்தது. அவர் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினார். கடைசிக் குண்டூசியை எடுத்த பிறகு அவளைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார்.

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சந்தேகப்பட்டது சரிதான், திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். இனிக் கவலையில்லை, தனக்கு ஒன்றுமில்லை. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குடை தொலைந்த கதையிலிருந்து அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.